11 வயது மகளுக்கு அட்ஜஸ்டபிள் காம்பவுண்ட் வில்: எதைப் பார்த்து வாங்குவது? (பெங்களூரு)

மல்லிகை_ஆர்எம்நகர் | சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. கோடை முகாமில் வில்லைக் கையில் எடுத்தவள் பத்து மாதமாக விடவில்லை. வாரம் மூன்று நாள் பயிற்சி. இதுவரை அகாடமி வில்தான். ஒரே வில்லை நாலைந்து பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுப்பதால், இவள் முறை வருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது. "காம்பவுண்ட் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) நன்றாக வருகிறது, சொந்த வில் வாங்குங்கள்" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

கடையில் ஒன்றைக் காட்டினார்கள். இழுக்கும் எடையை 5 பவுண்டிலிருந்து 70 பவுண்டு வரை ஏற்றலாம், நாணை இழுக்கும் நீளத்தை 13 அங்குலத்திலிருந்து 31 அங்குலம் வரை நீட்டலாம், கல்லூரி போகும் வரை வேறு வில்லே வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் மட்டும் "கல்லூரி வரைக்கும் ஒரே செருப்பு போட முடியுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள் இருவருக்கும் வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உயரம் 141 செ.மீ., எடை 33 கிலோ, வலது கைப் பழக்கம். எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்ரோடு_பயணி | சனி, இரவு 10.15

மேடம், என் கருத்து: காம்பவுண்டே வேண்டாம், சக்கரம் இல்லாத ரீகர்வ் வில் போதும். ஒலிம்பிக்கில் இருப்பது ரீகர்வ் மட்டும்தான். சின்ன வயதிலேயே ரீகர்வில் போட்டுவிடுங்கள்.

அல்சூர்வாசி | சனி, இரவு 10.40

// ஒலிம்பிக்கில் இருப்பது ரீகர்வ் மட்டும்தான் //

நண்பரே, பாரிஸ் வரைக்கும் அது சரி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியைச் சேர்த்துவிட்டார்கள். அதுவும் போக, நம் நாட்டுக்குப் பதக்கம் கொட்டுவதே காம்பவுண்டில்தானே? ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டில் இருந்த ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு. ஜோதி சுரேகா மட்டும் தனிநபர், அணி, கலப்பு என்று மூன்று எடுத்தார்.

ஆனால் ஒலிம்பிக் கணக்கு எல்லாம் 11 வயதில் எதற்கு? பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில் நிற்கட்டும்.

ஓசூர்ரோடு_பயணி | சனி, இரவு 10.52

2028 விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. என் மகன் ரீகர்வ் என்பதால் அந்தப் பக்கமே பார்த்ததில்லை. மேடம், அப்படியானால் பயிற்சியாளர் சொன்னபடியே போங்கள்.

நாண்கட்டி | ஞாயிறு, காலை 7.20

அம்மா, நான் நாண் முறுக்கிக் கட்டுவது, வில் சர்வீஸ் செய்வது என்று பன்னிரண்டு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 70 பவுண்டைப் பார்ப்போம். அந்த எண் யாருக்காகத் தெரியுமா? அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக. இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தடை. உலக வில்வித்தைச் சங்கத்தின் விதிப்படி போட்டியில் காம்பவுண்டுக்கு உச்சவரம்பே 60 பவுண்டுதான். ஆகவே உங்கள் மகளுக்கு அந்த மேல் எண்ணால் ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியது கீழ் எண்ணை. அவளுடைய கை நீளத்தில் வைத்தால் அந்த வில் எவ்வளவு லேசாக இறங்கும், அந்த இடத்தில் இழுப்பு எவ்வளவு சீராக இருக்கும், இதுதான் கேள்வி.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 70 பவுண்டு என்பது நீளத்தை நன்றாக நீட்டி வைத்தால் வருவது. கேமில் (வில் முனையில் உருளும் சக்கரம்) இருக்கும் மாட்யூலை, அதாவது நீளத்தை மாற்றும் துண்டை, குறுக்கிக்கொண்டே வந்தால் உச்ச எடையும் கூடவே இறங்கும். அதனால் கடைக்காரரிடம் "22 அங்குலத்தில் வைத்தால் குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை" என்று கேளுங்கள். வில்லோடு வரும் கையேட்டில் இதற்கு அட்டவணை இருக்கும். வாயால் சொல்வதோடு விடாமல், தராசில் மாட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கொக்கி வைத்த வில் தராசு இல்லாத கடையில் காம்பவுண்ட் வாங்காதீர்கள்.

22 என்று ஏன் சொன்னேன்? இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அங்குலத்தில் வருவதை 2.5ஆல் வகுத்தால் டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) ஓரளவு பிடிபடும். 141 செ.மீ. உயரத்துக்குக் கை விரிப்பும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும் என்று வைத்துச் சொன்னேன். நீங்களே அளந்து பாருங்கள்.

இந்த நீளத்தில் மட்டும் "வளருகிற பிள்ளை, அரை அங்குலம் கூட வைப்போம்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். எனக்கு மனசு வலிக்கும் இடம் இதுதான். பள்ளிச் சீருடை பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துவிடலாம். நீளம் கூடின வில்லைப் பிடித்த பிள்ளை முதுகைப் பின்னால் சாய்க்கும், வில் பிடித்த கையின் முட்டியைப் பூட்டும், நாண் வந்து முன்கையில் அடிக்கும். ஒரு தடவை அடி வாங்கின பிள்ளை அடுத்த அம்பில் கண்ணை மூடும். அந்தப் பழக்கத்தை எடுக்க ஒரு வருஷம் ஆகும். கால் அங்குலம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கூடவே கூடாது.

அப்புறம், "பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) தேவையில்லை, வீட்டிலேயே அட்ஜஸ்ட் செய்யலாம்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. எடையை ஏற்ற இறக்க லிம்ப் (வில்லின் வளையும் கை) போல்ட்டை ஆலன் சாவியால் திருகினால் போதும். நீளத்துக்கு மாட்யூலைத் தளர்த்தி நகர்த்தலாம். ஆனால் நீளம் மாறினால் நாணில் கட்டியிருக்கும் பீப் (பார்க்கும் சின்ன வளையம்) கண்ணுக்கு நேரே வராது. அதை நகர்த்திக் கட்டப் பெரும்பாலும் பிரஸ் வேண்டும். சைட்டில் (குறி பார்க்கும் கருவி) குறித்து வைத்த அளவெல்லாமும் மாறிவிடும். ஆகவே பிரஸ் வைத்திருக்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். பிராண்டைவிட இது முக்கியம்.

மல்லிகை_ஆர்எம்நகர் | ஞாயிறு, பகல் 12.05

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. உடனே அளந்துவிட்டோம். சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, இரண்டு விரல் நுனியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, டேப் வைத்துப் பார்த்தோம். 140 செ.மீ. அதாவது 55 அங்குலம். 2.5ஆல் வகுத்தால் 22. நீங்கள் சொன்னதேதான் வந்தது!

எடை எத்தனை பவுண்டில் வைப்பது? கடையில் "30 வையுங்கள், லெட்-ஆஃப் இருக்கிறது, தெரியாது" என்றார்கள். லெட்-ஆஃப் என்றால் என்னவென்றே எனக்குப் புரியவில்லை.

காலேஜ்_வில்லாளி | ஞாயிறு, மாலை 6.30

அக்கா, நான் எய்வதும் காம்பவுண்ட்தான். 12 வயதில் ஆரம்பித்தேன், இப்போது 19.

லெட்-ஆஃப் இப்படி: நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறும், உச்சத்தைத் தாண்டியதும் கேம் உருண்டு சட்டென்று லேசாகிவிடும். 75 சதவீத லெட்-ஆஃப் என்றால் 30 பவுண்டு வில்லில் கடைசியில் கை தாங்குவது ஏழரை பவுண்டுதான். அதைச் சொல்லித்தான் "தெரியாது" என்றிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏழரைக்குப் போய்ச் சேர முழு 30ஐயும் தாண்டியாக வேண்டும். அதைவிடக் கஷ்டம், எய்யாமல் நாணைத் திரும்ப விடும்போதுதான். கேம் திரும்ப உருளும் அந்த நொடியில் முழு எடையும் ஒரே இழுப்பாக முன்னால் பிடுங்கும். நான் பன்னிரண்டு வயதில் அப்படி ஒருமுறை இரண்டடி முன்னால் போய் விழப் பார்த்தேன். தோள் ஒரு வாரம் வலித்தது.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலி நுனியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். ரிலீஸின் (நாணைப் பிடித்து விடும் கைக்கருவி) டிரிகர் பக்கம் விரலே போகக் கூடாது. வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்தபடி, வானத்தைப் பார்த்துத் தூக்காமல், மெதுவாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாகத் திரும்ப விட வேண்டும். உடம்பு ஆடாமல் இதை மூன்று முறை செய்தால் அந்த எடை அவளுக்குச் சரி. முகம் கோணினால் இரண்டு பவுண்டு இறக்குங்கள். 33 கிலோ பிள்ளைக்கு 15க்கும் 20க்கும் நடுவில் எங்காவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

வில்லின் சொந்தக் கனத்தையும் பாருங்கள். இந்த வகை வில்கள் வெறுமனே ஒன்றரைக் கிலோ அருகில் இருக்கும். சைட், ரெஸ்ட் (அம்பைத் தாங்குவது), ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் தண்டு) எல்லாம் மாட்டினால் இன்னும் ஏறும். வீட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடது கையில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் முதலில் சைட், ரெஸ்ட் மட்டும் மாட்டினால் போதும், மற்றது பிறகு.

வாங்குவதற்கு முன் எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பார்த்தாச்சா? இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டே கைகளை முகத்தருகே கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான். வலது கைப் பழக்கம், இடது கண் ஆதிக்கம் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி வந்தால் பயிற்சியாளரிடம் கேட்காமல் வில் வாங்காதீர்கள்.

2023இல் பெர்லின் உலகப் போட்டியில் அதிதி ஸ்வாமி 17 வயதில் தங்கம் வாங்கியபோது நான் பதினொன்றாம் வகுப்பு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் அக்கா.

கேஆர்புரம்_அப்பா | ஞாயிறு, இரவு 9.10

வாங்கின பிறகு நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். மகனின் வில் அறைக்குள் சுவர் ஆணியில் தொங்கியது. மச்சான் ஒருவர் ஆசையாக எடுத்து, அம்பு இல்லாமல் இழுத்து, விட்டுவிட்டார். வெடிச் சத்தத்தோடு சத்தமாக எல்லோரும் நினைத்தோம். போய்ப் பார்த்தால் நாண் கேமிலிருந்து கழன்று கிடக்கிறது, மேல் கேம் வளைந்திருக்கிறது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடுமாம். யாருக்கும் அடிபடவில்லை, அது முருகன் புண்ணியம். மகன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

பிரஸ்ஸில் போட்டுப் பார்த்தவர் லிம்பின் ஓரமாகப் பஞ்சை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத முடி மாதிரி விரிசல். லிம்ப், கேம், நாண் எல்லாம் மாற்றுவதற்குப் பதில் இன்னொரு வில்லே வாங்கினோம்.

அதனால் பூட்டுப் போடும் கேஸ் ஒன்றைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

அந்த இரண்டாவது வில் பழையதுதான், வயது கூடின ஒரு பையனிடமிருந்து கிடைத்தது. அட்ஜஸ்டபிள் வில்லில் இது ஒரு நல்ல வசதி. நம் பிள்ளைக்குச் சின்னதானால் அடுத்த பிள்ளைக்குப் போகும். பழையது பார்த்தால் நான் சொன்ன பஞ்சுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

நாண்கட்டி | ஞாயிறு, இரவு 10.00

கேஆர்புரம் சார் சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு, கேமின் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள், நெளிவோ வெட்டோ இருந்தால் வேண்டாம். நாண் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் விலையில் நாண் மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். நாண் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுவதுதான் நல்லது.

அம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டியோடு சேர்த்துத் தரும் அம்பு பெரும்பாலும் பெரியவர்களுக்கு ஏற்ற விறைப்பில் இருக்கும். ஸ்பைன் எண் (அம்பு எவ்வளவு வளையும் என்ற அளவு) கூடக் கூட அம்பு நெகிழ்வானது. 400 ஸ்பைன் அம்பு 18 பவுண்டு வில்லுக்குக் கம்பி மாதிரி. வளைய வேண்டிய அளவு வளையாமல் பக்கவாட்டில் ஓடும், பிள்ளை தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து அழும். மெல்லிய அலுமினிய அம்பு, 1416 என்ற அளவு மாதிரி, ஆரம்பத்துக்கு அருமையாக இருக்கும். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போடலாம். கார்பன் என்றால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இரண்டு கையாலும் லேசாக வளைத்து, காதருகே வைத்து நொறுங்கும் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். விரிசல் விட்ட கார்பன் அம்பு வில்லிலேயே உடைந்து கையில் குத்தும்.

நீளத்தை ரெஸ்டுக்கு முன்னால் ஒன்றரை இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் வளர்ச்சிக்கு இடம் விடலாம்.

எடை ஏறினால் அம்பும் மாற வேண்டும். அதை மறந்து, வில்லை 35க்கு ஏற்றிவிட்டுப் பழைய மெல்லிய அம்பையே போடுவது ஆபத்து.

அல்சூர்வாசி | திங்கள், காலை 8.05

எந்த மாடல் என்று யாரும் சொல்லவில்லையே? கடையில் உங்களுக்குக் காட்டியது டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ என்று நினைக்கிறேன், எண்கள் அதுதான். பேர் (Bear) நிறுவனத்தின் க்ரூஸர் ஜி2வும் அதே மாதிரி, 5லிருந்து 70 பவுண்டு, 12லிருந்து 30 அங்குலம். இரண்டும் மோசமில்லை. ஜெனிசிஸ் பார்த்தீர்களா? 10லிருந்து 20 பவுண்டு, நீளமே செட் செய்ய வேண்டாம், அண்ணன் தங்கை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

காலேஜ்_வில்லாளி | திங்கள், பிற்பகல் 1.15

// ஜெனிசிஸ் பார்த்தீர்களா? //

அண்ணா, நான் ஜெனிசிஸில்தான் கற்றேன், அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அதில் லெட்-ஆஃப் கிடையாது. இழுப்பு இதோடு முடிந்தது என்று கடைசியில் இடித்து நிற்கும் சுவர் கிடையாது. பத்து மாதம் எய்து, பீப், ரிலீஸ் எல்லாம் பழகுகிற பிள்ளைக்கு அது பின்னால் போவது மாதிரி. முதல் ஆறு மாதத்துக்கு என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன் அக்கா. பெரியவர்கள் காம்பவுண்டில் எய்வது 50 மீட்டர், 80 செ.மீ. இலக்குத் தாள். 18 பவுண்டில் அந்தத் தூரத்துக்கு சைட்டை எவ்வளவு இறக்க வேண்டியிருக்கும் என்றால், அம்பே சைட்டில் உரசும். உடனே எடையை ஏற்றத் தோன்றும். யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 10, 18, 20 மீட்டரில் அம்புகள் கூட்டமாக விழட்டும். கையும் வளரும், நீளமும் ஏறும், வேகம் தானாக வரும்.

ரிலீஸ் வாங்கும்போது சின்னக் கைக்கான வார் இருப்பதைப் பாருங்கள். பெரியவர்களுடையதைக் கடைசி ஓட்டை வரை இறுக்கினாலும் மணிக்கட்டில் வழுக்கும். தாடையில் கை வந்து நிற்கும் வரை விரல் டிரிகருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அது தவறினால் இழுக்கும்போதே நாண் விட்டுப்போய், முகத்தில் தன் கையாலேயே குத்து விழும்.

மல்லிகை_ஆர்எம்நகர் | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.40

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

ஆதிக்கக் கண் வலதுதான். பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். 22 அங்குலத்தில் வைத்துத் தராசில் மாட்டிக் காட்டச் சொன்னதும் அவர்கள் மறுக்காமல் செய்தார்கள். ஆனால் அந்தப் புது வில்லை வாங்கினால் ரிலீஸ், அம்பு, கேஸுக்குப் பணம் மிஞ்சாது. அதே வாரம் அகாடமியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் க்ரூஸர் ஜி2 விலைக்கு வந்தது. ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. நான் பஞ்சைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நான்கு லிம்ப் ஓரத்திலும் தேய்த்துப் பார்த்தபோது அந்தப் பையனின் அம்மா என்னை வியப்பாகப் பார்த்தார், அப்புறம் அவரும் கூடவே குனிந்து பார்த்தார். எங்கும் மாட்டவில்லை.

நாற்காலிச் சோதனையில் 20 பவுண்டில் மூன்றாவது முறை கால் தரையைத் தொட்டுவிட்டது. 18க்கு இறக்கினோம், மூன்று முறையும் அசையவில்லை. லிம்ப் போல்ட் இரண்டும் எங்கே நிற்கிறது என்று தெரிய என் நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். யாராவது திருகியிருந்தால் உடனே தெரியும். பீப்பை பிரஸ்ஸில் போட்டு அவள் கண்ணுக்கு இறக்கிக் கட்டித் தந்தார்கள்.

புது நாண், சின்ன வார் வைத்த ரிலீஸ், ஒரு டஜன் அலுமினிய அம்பு, பூட்டுக் கேஸ் எல்லாம் சேர்த்து 41,000க்குள் முடிந்தது.

இன்றைக்குக் காலை 10 மீட்டரில் 36 அம்பு. முதல் ஆறு நடுவில் இருக்கும் மஞ்சளிலும் சிவப்பிலும், கடைசி ஆறு வெளியே நீலம் வரை சிதறியது. திரும்பி வரும் வழியில் கேஸை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு சந்தேகம்: அடுத்து எப்போது எடையை ஏற்றுவது? பிறந்தநாளுக்கு 20 என்று இப்போதே கேட்கிறாள்.

நாண்கட்டி | சனி, இரவு 9.30

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. பிறந்தநாளைப் பார்க்காதீர்கள், அந்தக் கடைசி ஆறு அம்பைப் பாருங்கள். 36இல் கடைசி ஆறும் முதல் ஆறு மாதிரியே விழ ஆரம்பித்து, அது மூன்று வாரம் தொடர்ந்து நடந்தால், இரண்டு போல்ட்டையும் சமமாக அரைச் சுற்று உள்ளே திருகி, தராசில் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று திருகவே கூடாது. உங்கள் நெயில் பாலிஷ் கோடு அதற்கும் உதவும், அழித்துவிட்டுப் புதுக் கோடு போடுங்கள்.

அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் அதே சாக்பீஸ் அளவை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒன்றேகால் அங்குலம் கூடியிருந்தால் டிரா லெங்த் அரை அங்குலம் கூடும் என்று அர்த்தம். அன்றைக்கு வில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள், மாட்யூலையும் பீப்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம். நாணுக்கு மெழுகு போடுவதை அவளே செய்யட்டும், கையோடு கற்றுத் தருகிறேன்.

மல்லிகை_ஆர்எம்நகர் | சனி, இரவு 9.42

சரி அண்ணா. சுவரில் அந்தக் கோட்டை இன்னும் அழிக்கவில்லை. இப்போதே தேதி எழுதிவிடுகிறேன்.